எதிர்ப்புச் சக்தி குறைந்ததா, திசைமாறியதா?

“நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதனால்தான் இந்த நோய் வந்தது” என்னும் பேச்சு நம் இல்லங்களில் மிகச் சாதாரணமாகிவிட்டது. கொரோனா காலத்தில் நாவில் ஒட்டிக்கொண்ட சொல் அது. சளி பிடித்தாலும் அதுவே காரணம், சர்க்கரை கூடினாலும் அதுவே காரணம், மார்பகத்தில் கட்டி தோன்றினாலும் அதுவே காரணம். காரணத்தை அப்படி வைத்துக்கொண்டால் தீர்வும் தானாகவே வந்து நிற்கிறது: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, லேகியம், சாறு, தேன் கலவை. விலைப்பட்டியலுடன் வாட்ஸ்அப் குழுமங்களில் வலம்வருகின்றன.

மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களை எடுத்துக்கொள்வோம். புதிய உறுப்பை உடல் நிராகரித்துவிடாமல் இருக்க, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை அவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கொள்கிறார்கள். அவர்களிடம் தோல் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன; இது உறுதியான செய்தி. ஆனால் மார்பகப் புற்றுநோய் அவர்களிடம் அவ்வாறு பெருகிக் காணப்படவில்லை. எச்.ஐ.வி. தொற்றாளர்களையும் மாற்று உறுப்புப் பெற்றவர்களையும் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2007-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றும் இதையே காட்டியது. சக்தி குறைந்ததுதான் காரணம் என்றால், மிகவும் குறைந்த இவர்களுக்கல்லவா இந்நோய் முதலில் பெருகியிருக்க வேண்டும்?

இதை நாங்கள் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் சாச்சி. ஐம்பத்தெட்டு வயது. கட்டியைத் தொட்டு உணர்ந்த பிறகும் ஏழு மாதங்கள் எவரிடமும் சொல்லாமல் இருந்தார். அந்த ஏழு மாதங்களில் ஒரு பொடியை மட்டும் காலையும் இரவும் பாலில் கலந்து குடித்திருக்கிறார். பயாப்ஸி முடிவு ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகை என்று வந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை அது. ஆகவே அவற்றைக் குறிவைக்கும் மருந்துகளுக்கு அங்கே வேலையில்லை. கீமோ தொடங்கியது. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை வெகுவாக இறங்கியிருந்தது. சாச்சியின் மூத்த மகன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைக் கேட்டார்: “லாத்தா, எதிர்ப்புச் சக்தியை அழிக்கிற மருந்தை உம்மாவுக்கு ஏற்றிவிட்டு, நோய் குணமாகும் என்று சொன்னால் எப்படி நம்புவது? இத்துடன் நிறுத்திவிடலாமே?”

கேள்வி நியாயமானது. அதட்டி அடக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. எங்கள் மதரஸாவில் ஓதி, இப்போது மருத்துவம் பயிலும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளை அருகில் வைத்துக்கொண்டு நாங்கள் கற்றறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில், கட்டி என்பது புற்றணுக்களின் குவியல் மட்டுமன்று. அதற்குள் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன, இணைப்புத் திசு இருக்கிறது, பலவகை எதிர்ப்பு அணுக்களும் இருக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 1863-ஆம் ஆண்டிலேயே கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்களைக் கண்டு குறித்துவைத்தார். 1882-இல் ரஷ்ய அறிஞர் மெச்னிகோஃப், சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரியின் உடலில் முள்ளைக் குத்திவைத்தார். அலைந்து திரியும் அணுக்கள் முள்ளைச் சுற்றிக் குழுமின. அயற்பொருளை விழுங்கும் இவ்வணுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவற்றுள் பெரியவற்றுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயரிட்டவரும் அவரே. தமிழில் பெருவிழுங்கி என்கிறார்கள், பொருத்தமான சொல். கட்டிக்குள் பெருவிழுங்கிகளைக் கண்டவர்கள், அவை கட்டியை விழுங்கவே வந்திருக்கின்றன என்று எண்ணியது இயல்பே.

ஆனால் பெருவிழுங்கியின் பணி விழுங்குவது மட்டுமன்று. இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. சற்று நின்று பார்க்கலாம்.

பருவமடையும் பெண்ணின் மார்பகத்தில் பால் நாளங்கள் கிளைவிட்டு வளர வேண்டும். வளரும் நாள நுனிகளைச் சுற்றிப் பெருவிழுங்கிகள் நிற்கின்றன. பெருவிழுங்கிகள் குறைவாக உள்ள எலிகளில் அந்நாளங்கள் சரிவரக் கிளைப்பதில்லை என்று 2000-ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜெஃப்ரி பொலார்டின் குழுவினர் காட்டினர். பின்னர் குழந்தை பால்குடி மறக்கும்போது, பால் சுரந்த எண்ணற்ற அணுக்கள் சில நாட்களில் மடிகின்றன. அவற்றை அப்புறப்படுத்தித் திசுவைச் சீரமைக்கும் பணியிலும் பெருவிழுங்கிகளுக்குப் பங்குண்டு. (பாலூட்டுவதால் ஆபத்து என்று எவரும் இதிலிருந்து பொருள்கொள்ள வேண்டாம். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான கணக்கின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது.) கையில் வெட்டுக்காயம் பட்டாலும் அவ்வாறே. முதலில் கிருமிகளை அழிக்கிறார்கள் இந்தப் பணியாளர்கள். பிறகு தொனியை மாற்றிக்கொண்டு, புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்து, அணுக்களை வளரத் தூண்டி, சண்டையிடும் மற்ற அணுக்களை அமைதிப்படுத்தி, காயத்தை மூடுகிறார்கள்.

ஆக, வளர்க்கும் திறனும் பெருவிழுங்கிக்கு உண்டு. கட்டி புதிதாக எதையும் அதற்குக் கற்பிக்கவில்லை. காயம் ஆறும் இடத்தில் கேட்கும் அதே கட்டளைகளை இடைவிடாமல் பிறப்பித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்க நோயியல் அறிஞர் ஹெரால்ட் டுவோராக் 1986-இல் கட்டிகளை ‘ஆறாத புண்கள்’ என்று வர்ணித்தது இதனாலேயே.

அக்கட்டளைகளுள் சிலவற்றுக்குப் பெயர் தெரியும். மார்பகப் புற்றணுக்கள் சிசிஎல்-2 என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அதன் தடம்பற்றி, இரத்தத்தில் உலவும் மோனோசைட் என்னும் வெள்ளை அணுக்கள் கட்டிக்குள் நுழைகின்றன. சிஎஸ்எஃப்-1 என்னும் இன்னொரு புரதம், நுழைந்தவற்றைப் பெருவிழுங்கிகளாக முதிரச்செய்து, வாழவைக்கிறது. 2001-இல் அதே நியூயார்க் குழுவினர், மார்பகப் புற்று தானாகவே தோன்றும் எலி இனத்தில் இந்த சிஎஸ்எஃப்-1 இல்லாமல் செய்து பார்த்தனர். கட்டி தோன்றுவது நிற்கவில்லை. ஆரம்பத்தில் வளர்ந்த வேகமும் மாறவில்லை. ஆனால் அது கொடிய நிலைக்கு முற்றுவது தாமதப்பட்டது. நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. அப்புரதத்தை மார்பகத்தில் மீண்டும் சுரக்கச் செய்தபோது பரவலும் திரும்பியது. பெண்ணின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மார்பகத்திலேயே தங்கிவிடும் கட்டியன்று; நுரையீரலுக்கும் எலும்புக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் சென்ற கட்டியே. அந்தப் பயணத்திற்குத் துணைபோனவை எதிர்ப்பு அணுக்கள் என்பதே இங்கு அறிய வேண்டியது.

எப்படித் துணைபோகின்றன என்பதையும் அங்கேயே உயிருள்ள எலியின் கட்டிக்குள் நுண்ணோக்கியைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். புற்றணு சிஎஸ்எஃப்-1 கொடுக்கிறது. பெருவிழுங்கி பதிலுக்கு ஈஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைக் கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல் நடத்தியபடியே இரண்டும் அருகருகே நகர்ந்து இரத்தக் குழாயை நெருங்குகின்றன. குழாயின் சுவரோடு ஒட்டி நிற்கும் பெருவிழுங்கியின் பக்கத்திலேயே புற்றணு உள்ளே நழுவுகிறது. புற்றணு, பெருவிழுங்கி, குழாய்ச் சுவரணு ஆகிய மூன்றும் இவ்வாறு ஒருங்கே தொட்டு நிற்கும் இடங்கள் பெண்களின் மார்பகக் கட்டிகளிலும் உண்டு. அவை மிகுந்திருந்த கட்டிகள் பின்னர் தொலைவுக்குப் பரவும் வாய்ப்பு அதிகம் என்று 2009-இல் எழுதினர்.

இவற்றை ‘துரோகம்’ என்று வர்ணிக்கும் கட்டுரைகளை நாங்கள் வாசித்தோம். அச்சொல் எங்களுக்கு உவப்பாக இல்லை. பெருவிழுங்கிக்கு நிய்யத் கிடையாது. தன்னை வந்தடையும் குறிப்புக்கு ஏற்பத் தனக்கு இயல்பான பணியைச் செய்கிறது, அவ்வளவே. தன் உடலே தனக்கு எதிரியாகிவிட்டது என்று நோயாளி மனம் குமைவதற்கு இதில் இடமில்லை.

பெருவிழுங்கியோடு கதை முடியவில்லை. புற்றணுவை அடையாளம் கண்டு நேரடியாகக் கொல்லக்கூடியவை டி செல்கள் என்னும் இன்னொரு வகை வெள்ளை அணுக்கள். மார்பகக் கட்டி இவற்றைப் பல வழிகளில் அடக்குகிறது. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாதபடி காக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்தமைக்காகவே 2025-இல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகியோர் நோபல் பரிசு பெற்றனர். கட்டி அவற்றைத் தன்னருகே ஈர்த்து, கொல்லும் டி செல்களை அமைதிப்படுத்த வைக்கிறது. பி.டி.எல்-1 என்னும் புரதமும் உண்டு. அது டி செல்லின் மேற்பரப்பில் உள்ள தடைக்கட்டையை அழுத்துவது போன்றது. அழுத்தியதும் டி செல் சோர்கிறது. டிரிபிள் நெகட்டிவ் கட்டிகளில் இப்புரதத்தைப் புற்றணுக்களைவிட, சூழ்ந்திருக்கும் எதிர்ப்பு அணுக்களே மிகுதியாகத் தாங்கியிருக்கின்றன என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது.

கட்டியின் செல்வாக்கு மார்பகத்தோடு நிற்பதுமில்லை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் கரின் டி விஸ்ஸரின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. எலியின் மார்பகக் கட்டியிலிருந்து புறப்பட்ட சமிக்ஞைகள் ஒரு வகை டி செல்களைத் தூண்டின. அவை, கிருமிகளை எதிர்க்கும் முதல் வரிசையான நியூட்ரோஃபில்களை உடலெங்கும் பெருக்கின. அவ்வாறு பெருகிய நியூட்ரோஃபில்கள், கொல்லும் டி செல்களை அடக்கின. அந்த நியூட்ரோஃபில்களை நீக்கியபோது மார்பகக் கட்டி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. நுரையீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவுவது பெரிதும் குறைந்தது. அங்கே பரவலுக்கு வழிவிட்டது குறைவன்று, பெருக்கம். சக்தியைக் ‘கூட்டுகிறோம்’ என்று விற்பவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இங்கிருந்தே பிறக்கிறது: எந்த அணுவைக் கூட்டுகிறீர்கள்?

எதிர்ப்பு அணுக்கள் எல்லாமே கட்டியின் பக்கம் சாய்ந்துவிடுகின்றன என்பதும் உண்மையன்று. டிரிபிள் நெகட்டிவ் கட்டிக்குள் நிணநீர் அணுக்கள், குறிப்பாகக் கொல்லும் டி செல்கள், நிறைந்திருந்தால் அந்நோயாளியின் எதிர்காலம் பொதுவாக மேலானதாக இருக்கிறது. சாச்சியின் பயாப்ஸி அறிக்கையிலும் இவ்வணுக்களின் விழுக்காடு ஒரு வரியில் குறிக்கப்பட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் படித்துவிட்டிருந்தோம். மாணவிதான் விரல் வைத்துக் காட்டினாள்.

இனி சாச்சி மகனின் கேள்வி. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் வேகமாகப் பெருகுவதால் அவையும் அடிபடுகின்றன. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை பொதுவாக மிகத் தாழ்ந்து, அடுத்த சுற்றுக்குள் மீள்கிறது. அந்த நாட்களில் அஞ்ச வேண்டியது கிருமித் தொற்றை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மாத்திரை போட்டு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. ஆனால் இரத்தத்தில் எண்ணிக்கை இறங்கியது என்பதற்குக் கட்டியை எதிர்க்கும் ஆற்றல் அழிந்தது என்று பொருளில்லை. இரத்தத் தாளில் உள்ள எண் வேறு, கட்டிக்குள் எந்த அணு யாருக்காக உழைக்கிறது என்பது வேறு. அதற்கும் மேலாக, டாக்ஸோரூபிசின் போன்ற சில கீமோ மருந்துகள் புற்றணுவைக் கொல்லும் விதமே எதிர்ப்பு அணுக்களை விழிக்கச் செய்கிறது என்று பாரிஸ் அருகே ஆராய்ந்தவர்கள் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மடியும் புற்றணு தன் இருப்பைத் தெரிவிக்கும் சில பொருட்களை வெளிக்காட்டுகிறதாம்.

மாணவி இவற்றைத் தாளில் வரைந்து விளக்க, அவர் பொறுமையாகக் கேட்டார். முழுதும் ஏற்றார் என்று சொல்ல மாட்டோம். “சரி, மூன்றாவது சுற்றுக்குக் கூட்டிப்போகிறேன், வெப்பமானி ஒன்று வாங்க வேண்டும்” என்றார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கருஞ்சீரகத்தைப் பற்றிக் கேட்காத பெண்மணி எங்கள் வகுப்பில் இல்லை. ஆதலால் அதையும் சொல்லிவிட வேண்டும். அதன் சிறப்பைக் கூறும் ஹதீஸ் ஆதாரபூர்வமானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எல்லா நோய்க்கும் என்று பொதுவாக அமைந்த அச்சொல் குறிப்பிட்ட நோய்களையே கருதுகிறது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கியதை, ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) தம் புகாரி விரிவுரையில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். நம் முன்னோர்கள் மருத்துவர்களிடம் செல்வதை அந்த ஹதீஸைக் காட்டித் தடுத்ததில்லை. கருஞ்சீரகத்தின் சாரத்தை ஆய்வுக்கூடத் தட்டிலும் எலியிலும் சோதித்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் மார்பகப் புற்றுநோயைச் சிகிச்சையின்றி அது போக்கியதாக நிறுவப்படவில்லை. கீமோ நாட்களில் எந்தச் சாரத்தையும் எண்ணெயையும் மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொள்ளலாகாது. கல்லீரல் மருந்தைக் கையாளும் விதத்தையே சில பொருட்கள் மாற்றிவிடும்.

கட்டியின் கட்டளைகளை இடைமறிக்கும் சிகிச்சை வந்திருக்கிறதா? ஒரு பகுதி வந்திருக்கிறது. மேலே கூறிய தடைக்கட்டையை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் ஊசியை, இரண்டாம், மூன்றாம் நிலை டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகள் 1,174 பேரை இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்தனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், கீமோவுடன் ஊசியும் பெற்றவர்களில் 86.6 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். கீமோ மட்டும் பெற்றவர்களில் 81.7 விழுக்காட்டினர். கவனியுங்கள்: ஊசி கீமோவுடன் சேர்த்தே தரப்பட்டது, கீமோவுக்குப் பதிலாக அன்று. தைராய்டு, குடல், நுரையீரல் ஆகியவற்றை எதிர்ப்பு அணுக்கள் தாக்கும் பக்கவிளைவும் அதற்கு உண்டு. விலையோ நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. எங்கள் குடும்பத்தில் வீட்டுப் பத்திரம்வரை பேச்சு போனது. நோயாளி உதவித் திட்டம் உண்டா என்று மருத்துவமனையில் கேட்காமல் நகையையோ நிலத்தையோ விற்க இறங்கிவிட வேண்டாம்.

பெருவிழுங்கிகளைத் தடுக்கும் முயற்சிகள் அத்தனை எளிதாக அமையவில்லை. 2014-இல் வந்த ஓர் எலி ஆய்வில், சிசிஎல்-2 புரதத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்திருந்தவரை பரவல் குறைந்திருந்தது. மருந்தை நிறுத்தியதும் எலும்பு மஜ்ஜையில் தேங்கியிருந்த மோனோசைட்கள் வெள்ளமாகப் புறப்பட்டு, மருந்தே கொடுக்காத எலிகளைவிடப் பரவல் விரைந்தது. அணுக்களை அடக்குவதா, அல்லது அவை கேட்கும் கட்டளையை மாற்றுவதா என்பதை ஆய்வாளர்கள் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். சமையலறைப் பொடி ஒன்று அந்த எடைபோடலை முடித்துவைத்துவிட்டது என்று விளம்பரம் சொன்னால், நம்புவதற்கு நமக்கு என்ன ஆதாரம்?

எதிர்ப்பு அணுக்களுக்கும் கட்டிக்கும் இடையேயான உறவை ஆய்வாளர்கள் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்: முதலில் களைதல், பிறகு சமநிலை, இறுதியாகத் தப்பித்தல். கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்த கட்டி மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் சுற்றுப்புறத்தைத் தன்வயப்படுத்திக்கொள்ள அதற்குக் கிடைக்கும் அவகாசமே. சாச்சியின் ஏழு மாத மௌனத்தை நாங்கள் குறைகூறவில்லை. ஆண் மருத்துவர் முன் நிற்கும் கூச்சம், மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ஊர் பேசுமே என்னும் அச்சம், இரண்டும் எங்களுக்குத் தெரியாதவையல்ல. ஆயினும் மார்க்கம் இந்த இடத்தில் எவரையும் கட்டிப்போடவில்லை. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே செல்லலாம். கிடைக்காதபோது தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன.

எங்கள் மதரஸாவில் மாதத்தின் முதல் வியாழன், அஸருக்குப் பிறகு, பெண் மருத்துவர் ஒருவர் வருகிறார். வகுப்பறையின் ஒரு மூலையைத் திரையிட்டுக் கொடுத்திருக்கிறோம். பெயர் எழுதி வைப்பதில்லை, டோக்கன் மட்டுமே. சென்ற மாதம் பதினொரு பேர் வந்தனர். இருவரை மேமோகிராமுக்கு அனுப்பினார். ஒருவருக்குச் சாதாரண நீர்க்கட்டி என்று வந்துவிட்டது. மற்றவரின் முடிவு வரும் திங்களன்று வருகிறது.